'தண்ணீர் வந்துவிட்டது' என்றதும் நிறுத்த முடிகிற கேம்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வயது 41. இந்த வயதில் ஒருவன் மெட்ரோவில் கேம் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நம் பக்கத்தில் யாரும் சும்மா கடந்துபோவதில்லை. முதலில் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள், இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேட்டுவிடுவார்கள். அலுவலகத்திலும் தெருவிலும் இதே கதைதான். ஒரே பதிலைப் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

இண்டி கேம் என்றால் இந்தியாவில் செய்ததா?

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் கேட்டது. நியாயமான சந்தேகம்தான், ஆனால் அது இல்லை. பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டளையும் இல்லாமல் ஒருவரோ சிலரோ சொந்தமாகச் செய்யும் கேம்களுக்கு அப்படிப் பெயர். அவரிடம் சிறுபத்திரிகை மாதிரி என்றேன், உடனே புரிந்துகொண்டார். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்தார். படம், இசை, கதை, நிரல் எல்லாமே அவர் கை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். ஹாலோ நைட் என்ற கேம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்தது.

எது சிறுபத்திரிகை, எது இல்லை என்று நம்மவர்கள் அடித்துக்கொள்வதைப் போலவே அங்கும் சண்டை உண்டு. கடலில் குதித்து மீன் பிடித்து இரவில் சுஷி கடை நடத்தும் டேவ் தி டைவர் 2023இல் வந்தது. பார்க்க அச்சு அசல் இண்டி. செய்தவர்களோ தென்கொரியாவின் பெரிய நிறுவனமான நெக்சானின் கிளைக் குழுவினர். சிறந்த இண்டி கேம் விருதுக்கான பட்டியலில் அதைச் சேர்த்ததும் பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்கு அந்த கேம் பிடிக்கும். அதற்காக அதை இண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கையில்தான் கைபேசி இருக்கிறதே. அதற்கு மேல் இதற்கு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?

மனைவி முதல் மேலாளர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பலருக்குக் கைபேசியே போதும். ஸ்டார்டியூ வேலி, பலாட்ரோ, வாம்பயர் சர்வைவர்ஸ், டெட் செல்ஸ் ஆகிய இண்டி கேம்கள் கைபேசிக்கும் வந்துவிட்டன. இந்த வகை கேம் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாத நிலையில் கருவி வாங்காதீர்கள். முதலில் கைபேசியில் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள்.

பிறகு இரண்டு விஷயங்கள் உங்களுக்கே தெரியவரும். ஒன்று, கட்டைவிரல். தொடுதிரையில் விளையாடும்போது திரையின் இரண்டு மூலைகளை உங்கள் விரலே மறைத்துக்கொண்டிருக்கும். நிதானமான கேமில் அது பரவாயில்லை. மயிரிழையில் குதிக்க வேண்டிய கேமில் எதிரியை மறைப்பது உங்கள் விரல்தான். பொத்தான் என்றால் பார்க்காமலே விரல் இடத்தைக் கண்டுபிடித்துவிடும், கேரம் ஆடுகிறவனின் விரல் ஸ்ட்ரைக்கரைத் தேடாது அல்லவா, அப்படி.

இரண்டாவது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: கைபேசி உங்களை விடாது. விளையாட்டின் நடுவே வங்கியிலிருந்து செய்தி வரும், அலுவலகக் குழுவில் யாரோ சரக்குப் பெட்டி எண் கேட்பார், சின்னம்மா காலை வணக்கப் பூ அனுப்புவார். கைபேசிக்கென்றே செய்த இலவச கேம்கள் இன்னும் ஒரு படி மேல். 'உங்கள் கோட்டை தாக்கப்படுகிறது' என்று இரவு 11 மணிக்கு எழுப்புகிறவை அவை. நான் கையில் வைத்திருக்கும் கருவிக்கு அந்த வேலை தெரியாது. அணைத்து அலமாரியில் வைத்தால் பத்து நாளானாலும் கூப்பிடாது.

பெரிய கேம்களும் இப்போது கைக்கருவியில் ஓடுகிறதே? ஏன் இந்தச் சின்ன கேம்கள் மட்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு அடிபம்பில் தண்ணீர் வரும். சில நாள் ஐந்துக்கே வரும், சில நாள் ஆறரை ஆகும். வரும்வரை வாசல்படியில் காலிக் குடங்களோடு காத்திருப்பது என் பங்கு. அந்த அரைமணி நேரம்தான் ஒரு நாளில் எனக்கென்று கிடைப்பது. பம்பில் முதலில் காற்றுதான் வரும், 'கொர்' என்று ஒரு சத்தம். மனைவி உள்ளிருந்து 'தண்ணீர் வந்துவிட்டது' என்று சொல்லி முடிப்பதற்குள் கை கைப்பிடியில் இருக்க வேண்டும். ஏழு குடமும் ஒரு டிரம்மும் நிரப்பிவிட்டுத் திரும்பி வந்து கருவியின் மேல் பொத்தானை அழுத்தினால், என் ஆள் காலைத் தூக்கியது தூக்கியபடி அந்தரத்தில் நிற்பான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் தொழில்நுட்பம் பெரிதாக ஒன்றும் இல்லை. கைக்கருவி நிண்டெண்டோ ஸ்விட்சோ ஸ்டீம் டெக்கோ, உறங்கும்போது கேமை மூடுவதில்லை, நினைவகத்தில் அப்படியே வைத்திருக்கிறது. ஸ்டார்டியூ வேலியில் இதன் அருமை தெரியும். கணினியிலும் கைக்கருவியிலும் அந்த கேம், நம் ஆள் இரவு படுக்கைக்குப் போனால்தான் பதிவாகும். நடுப்பகலில் மூடினால் அன்றைய உழைப்பு முழுக்கப் போச்சு. ஒரு நாள் என்பது கேமில் ஏறக்குறைய 14 நிமிடம். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றத்தில் இறங்குவதற்குள் ஒரு நாள் முடிந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மறுநாள் தொடங்கிவிடும்.

இந்த அளவுதான் விஷயம். வாம்பயர் சர்வைவர்ஸில் பெரும்பாலான களங்களில் ஓர் ஆட்டம் 30 நிமிடத்தோடு முடிவு. இன்டு தி பிரீச் என்ற கேம் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நடக்கும், ஒரு சண்டை பெரும்பாலும் ஐந்து சுற்று. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், சதுரங்கம் போல யோசித்துக்கொண்டே இருக்கலாம். கும்மிடிப்பூண்டி பாதை ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், கொருக்குப்பேட்டை அருகே சிக்னலுக்காக நின்றால் அது இரண்டு நிமிடமா இருபது நிமிடமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொருந்துகிற விளையாட்டு வேண்டும்.

பெரிய கேம்கள் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. அவை பெரிய திரைக்கென்று வரையப்பட்டவை. ஏழு அங்குலத்தில் பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்வது போலிருக்கும், கருவியின் விசிறி இரையும், கை சுடும், ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் தீரும். ஸ்டீம் டெக்கின் முதல் மாடலுக்கு அதன் நிறுவனம் சொன்ன பேட்டரி நேரம் 2 முதல் 8 மணி நேரம். இந்த 2க்கும் 8க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிர்ணயிப்பது நீங்கள் ஆடும் கேம்தான். இடமும் அப்படியே: ஸ்டார்டியூ வேலிக்கு 500 எம்பி, பலாட்ரோவுக்கு 150 எம்பி போதும். ஹாலோ நைட் அவ்வளவு பெரிய பாதாள உலகத்தை வைத்துக்கொண்டு 9 ஜிபிக்குள் அடங்குகிறது. 100 ஜிபி கேட்கும் கேமை எங்கள் தெரு இணைய இணைப்பில் இறக்க ஆரம்பித்தால் பொங்கலுக்குள் வந்து சேரலாம்.

வீட்டில் டிவி இருக்கிறதே, அதில் மாட்டி ஆட வேண்டியதுதானே?

இரவு ஏழிலிருந்து பத்து வரை டிவி அம்மாவுடையது. பத்துக்கு மேல் அதே அறையில் பாய் விரிப்போம். வேறு கேள்வி?

பஜாரில் 'பத்தாயிரம் கேம்' என்று போட்டு மலிவாக ஒரு கருவி பார்த்தேன் அண்ணா. வாங்கலாமா?

தம்பி, நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா பர்மா பஜாரிலிருந்து கட்டைகள் விழும் செங்கல் கேம் ஒன்று வாங்கி வந்தார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவான கடைவரிசை அது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொருள் என்றாலே எங்கள் பக்கத்தினர் நேராக அங்கேதான் போவார்கள். பெட்டியில் '9999 கேம்' என்று போட்டிருந்தது. பத்துக்கு இருபது கட்டம், இரண்டு பேட்டரி. உள்ளே இருந்தது பத்துப் பன்னிரண்டு விளையாட்டு. மற்றதெல்லாம் அதையே வேகம் மாற்றி, திருப்பிப் போட்டு எண்ணிக்கை ஏற்றியது. ஆனாலும் அந்தப் பத்தில் ஒன்றை நான்கு வருடம் ஆடினேன்.

இப்போதைய மலிவுக் கருவிகளும் அப்படித்தான். கருவி மோசமில்லை, சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. உள்ளே திணித்திருக்கும் கேம்கள் உரிமை வாங்காத நகல்கள், பாதி திரும்பத் திரும்ப வருபவை. கூடவே வரும் நினைவக அட்டை மூன்றே மாதத்தில் கண்ணை மூடிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. கருவியை மட்டும் வாங்கி, நல்ல அட்டை ஒன்றைத் தனியாகப் போடு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் இத்தகைய கருவிகளுக்கு போர்ட்மாஸ்டர் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஸ்டார்டியூ வேலியின் கோப்புகளை அதன் வழியே போட்டு ஆட முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போகும், சொல்லிவிட்டேன்.

பத்தாயிரம் கேம் இருந்தால் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பாய். மூன்று இருந்தால் ஆடுவாய்.

சரி, எதை வாங்குவது?

ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வெளிவந்தபோது இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. இங்கே கைமாறியவை இறக்குமதியானவை. நிண்டெண்டோவின் இணையக் கடையில் இந்தியாவுக்கென்று பக்கம் இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கில் வாங்க வேண்டியிருந்தது, விலையும் டாலரிலோ யென்னிலோ வரும். ஸ்டீம் டெக்குக்கு கேம் வாங்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2015 முதல் ரூபாய் விலை. இண்டி கேம்கள் பலவற்றுக்கு அமெரிக்க விலையைவிடக் குறைவாகவே போடுகிறார்கள், கோடையிலும் டிசம்பரிலும் தள்ளுபடி வேறு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு இது பெரிய நிம்மதி. கருவியின் எடையைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். ஸ்டீம் டெக் முக்கால் கிலோவை நெருங்கும், படுத்துக்கொண்டு ஆடினால் மூக்கில் விழும். நான் அனுபவித்துச் சொல்வது. பழைய ஸ்விட்ச் லைட் ஐந்தரை அங்குலம், சட்டைப் பையில் நுழையாது, சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டில் நுழையும்.

தம்பி, உன் கையில் சீட்டுக்கட்டு தெரிந்ததே. ரம்மியா?

மாடி வீட்டு அக்கா கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். எங்கள் பகுதியில் அந்தச் செயலிகளில் சம்பளத்தை விட்டவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கருவியை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினேன்.

அக்கா, அது பலாட்ரோ. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் கனடாக்காரர் ஒருவர் செய்து 2024இல் வெளியிட்டது. போக்கர் சீட்டுகளை வைத்துக்கொண்டு மதிப்பெண் சேர்ப்பது, ஜோக்கர் அட்டைகள் ஒவ்வொன்றும் கணக்கை ஒவ்வொரு விதமாகப் புரட்டும். எதிரே ஆள் இல்லை, பந்தயம் இல்லை, ஒரு தடவை வாங்கிவிட்டால் உள்ளே ஒரு பைசா கேட்க வழியே இல்லை. சீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பும் உங்களைப் போலவே பயந்து 2024இல் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று மாற்றிவிட்டார்கள். இணையத்தில் பணம் வைத்து ஆடுவது வேறு. அதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடுத்தது.

அக்கா கேட்டுவிட்டு, 'பணம் போகாது, சரி. நேரம்?' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பலாட்ரோ ராத்திரியை விழுங்கும். அதை வாசல்படிக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன், தண்ணீர் வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதால்.

காசிமேட்டுக்காரனுக்கு ஏதாவது கேம் இருக்கிறதா?

விசைப்படகில் போகும் என் பள்ளிக்காலத் தோழன் கேட்டான். அவனிடம் முதலில் ஸ்டார்டியூ வேலியின் மீன்பிடிப்பைக் காட்டினேன். பச்சைப் பட்டை ஒன்று மேலும் கீழும் ஓடும், மீனை அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மூன்று மீனைத் தவறவிட்டுவிட்டு, 'இது தூண்டில் ஆள் வேலை, எனக்கு வலை வேண்டும்' என்று திருப்பிக் கொடுத்தான்.

பிறகு டிரெட்ஜ். நியூசிலாந்தில் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய குழு செய்து 2023இல் வந்தது. சின்னப் படகு, பகலில் மீன்பிடி, இரவானால் கடல் ஒரு மாதிரி ஆகும். படகின் வயிறு கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு மீனும் ஒரு வடிவம், திருப்பித் திருப்பி அடுக்கி இடம் பண்ண வேண்டும். கரை சேரத் தாமதமானால் மீன் கெட்டுப்போகும். அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். விலாங்கை ஓரத்தில் நீளமாகக் கிடத்தி, நடுவில் சின்னதைச் சொருகி, ஒரு கட்டம்கூட வீணாகாமல் அடுக்கினான். எனக்கு ஒரு வாரமாக வராத அடுக்கு அது. அடுக்கி முடித்துவிட்டு, 'எல்லாம் சரி, ஐஸ் எங்கே போடுவது?' என்றான்.

தமிழர்கள் வருகிற கேம் ஏதாவது?

வெண்பா. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடா போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் பெயர்தான் வெண்பா. அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு நைந்து எழுத்து அழிந்திருக்கும். விடுபட்டதை யூகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று இட்லிக் கொப்பரையோடு தொடங்கும். என் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பொத்தான் எது என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். குறிப்பைப் படிக்கவே இல்லை, நேராக அடுக்கிவிட்டார். 'இதில் யோசிக்க என்ன இருக்கிறது?' மகன் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் இடம் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்தவில்லை. என் அக்கா பிள்ளைகள் நியூ ஜெர்சியில் வளர்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான். இந்தியாவிலேயே செய்தது வேண்டுமென்றால் புனேக்காரர்களின் ராஜி, 2020இல் ஸ்விட்சில்தான் முதலில் வந்தது. பார்க்க அழகு, சண்டை சுமார்.

கடல் காற்றுக்குத் தாங்குமா?

தாங்காது, தாங்கவைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் அடிக்கிறோம், பிறகு சார்ஜ் துளை மட்டும் எப்படித் தப்பும்? ஜிப் போட்ட உறை, உள்ளே மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு. இது போதும்.

பெரிய தொல்லை, கேமில் ஆளை நடத்தக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக். என் முதல் கருவியில் ஒருநாள் ஆள் தானாகவே இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தான். பேய் இல்லை, தேய்மானம். ஸ்டிக்கின் அடியில் ஒரு சின்னத் தகடு கரிப்பூச்சின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேய்ந்தால் கை எடுத்த பிறகும் கை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். காந்தத்தால் இயங்கும் ஸ்டிக்குகளில் உரசலே இல்லை, மாற்றும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் போட்டுவிட்டு எட்டே மாதத்தில் மறுபடி போனேன்.

இந்த வயதில் தொடங்கினால் விரல் ஒத்துழைக்குமா?

மேலாளர் கேட்டார், அவருக்கு 56. செலஸ்ட் என்ற மலையேறும் கேம் 2018இல் வந்தது, கடினத்துக்குப் பேர்போனது. அதிலேயே உதவி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேமின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவர் வேகத்தை 70 சதவீதத்தில் வைத்துக்கொண்டு மதிய உணவு இடைவேளையில் ஏறிக்கொண்டிருக்கிறார். இன்னும் உச்சி வரவில்லை. ஹாலோ நைட்டை மட்டும் அவருக்குத் தரவில்லை. அது இருட்டு கேம், பகல் வெளிச்சத்தில் திரையில் நம் முகம்தான் தெரியும்.

அண்ணா, ஒரு வாரத்துக்குக் கடன் தருவீர்களா?

தருவேன். முழுச் சார்ஜோடு திரும்ப வர வேண்டும், உப்புக்கண்டம் தின்ற கையோடு தொடக் கூடாது. ஸ்டார்டியூ வேலி ஆடுவதானால் புதிதாகப் பண்ணை தொடங்கி ஆடுங்கள். என் பண்ணையைத் திறந்து பார்க்கலாம், சுற்றலாம், ஆனால் தயவுசெய்து என் ஆளைப் படுக்கைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். படுத்தால் பதிவாகிவிடும் என்று மேலேயே சொன்னேன். போன மாதம் வாங்கிப் போன எதிர்வீட்டுத் தம்பி என் மூன்று பசுக்களையும் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.